மனச்சிதைவு நோயின் வகைப்பாடும் நோயறிதலும்: ஒரு திறனாய்வு

ஸ்கிசோஃப்ரினியா என்னும் நோயைத் தமிழில் மனச்சிதைவு, உளச்சிதைவு, மனப்பிளவு எனப் பல பெயர்களால் குறிப்பிடுகிறோம். இல்லாத குரல் கேட்பது, ஆதாரம் இல்லாத ஒன்றை அசையாமல் நம்புவது, பேச்சில் தொடர்பு அறுந்துபோவது, முகத்தில் உணர்ச்சி வற்றிப்போவது, குளிக்கவும் உண்ணவும்கூட நாட்டம் இல்லாமல் ஒதுங்கிவிடுவது ஆகியவை இதன் முக்கிய அறிகுறிகள். பெரும்பாலும் பதின்ம வயதின் இறுதியிலோ இருபதுகளிலோ தொடங்குகிறது. அதாவது மேல்நிலைத் தேர்வு, கல்லூரி, முதல் வேலை, கல்யாணப் பேச்சு என்று வாழ்க்கை திறக்கும் வயதில் வருகிறது.

காசநோயைச் சளிப் பரிசோதனை உறுதிப்படுத்துகிறது. சர்க்கரை நோயை இரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுக்கிறது. மனச்சிதைவை உறுதிப்படுத்தும் இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இன்றுவரை இல்லை. மருத்துவர் நோயாளியிடம் பேசுகிறார், வீட்டாரிடம் விசாரிக்கிறார், கவனிக்கிறார். பிறகு தாம் அறிந்ததை ஒரு கையேட்டிலுள்ள அளவுகோலோடு ஒப்பிட்டு முடிவுக்கு வருகிறார். ஆகவே இந்த நோயைப் பொறுத்தவரை வகைப்பாடு நூலகத்து அலமாரிக்குரிய விஷயம் அல்ல. அளவுகோலில் ஒரு வரி மாறினால், நேற்று நோயாளியாக இருந்தவர் இன்று அந்தப் பெயருக்குள் வராமல் போகலாம். இக்கட்டுரை அந்த அளவுகோலின் வரலாற்றையும் பலத்தையும் குறைகளையும், குறிப்பாகத் தமிழ்நாட்டு அனுபவத்தை முன்வைத்து, பரிசீலிக்கிறது.

பெயர் பிறந்த விதம்

ஜெர்மானிய மருத்துவர் எமில் கிரேப்பலின் 1899-இல் வெளியான தம் பாடநூல் பதிப்பில் பெரும் மனநோய்களை இரண்டாகப் பிரித்தார். எழுச்சியும் சோர்வுமாக வந்து வந்து விலகும் நோய் ஒன்று. இளமையில் தொடங்கிப் படிப்படியாக அறிவையும் ஆளுமையையும் குலைக்கும் நோய் மற்றொன்று. இரண்டாவதற்கு இளமைக்கால அறிவுத்தேய்வு என்னும் பொருள்பட லத்தீனில் பெயரிட்டார். அவருடைய அடிப்படை, நோய் எப்படி முடிகிறது என்பதே.

சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஆய்கன் பிளாய்லர் இதை ஏற்கவில்லை. எல்லோருக்கும் தேய்வு நேர்வதில்லை, எல்லோருக்கும் இளமையில் தொடங்குவதும் இல்லை என்பது அவர் கண்டது. 1908-இல் பெர்லினில் ஆற்றிய உரையில் ஸ்கிசோஃப்ரினியா என்ற சொல்லை முன்மொழிந்தார். 1911-இல் அதை விரிவான நூலாக்கினார். பிளத்தல், மனம் என்னும் பொருளுள்ள இரு கிரேக்கச் சொற்களின் கூட்டு அது. எண்ணமும் உணர்ச்சியும் ஒன்றோடொன்று இணங்காமல் பிரிவதையே அவர் பிளவு என்றார். ஓர் உடலில் இரண்டு ஆட்கள் இருப்பதாக அவர் எங்கும் சொல்லவில்லை. இந்த நோயை ‘இரட்டை ஆளுமை’ என்று எண்ணுவோர் நம்மிடையே ஏராளம். 2005-இல் வந்த ‘அந்நியன்’, ‘சந்திரமுகி’ ஆகிய படங்கள் காட்டிய இரட்டை ஆளுமை, மனச்சிதைவு அல்ல.

பின்னர் கர்ட் ஷ்னைடர், தன் எண்ணம் உரக்கக் கேட்பது, தன்னைப் பற்றி இரண்டு குரல்கள் பேசிக்கொள்வது, தன் எண்ணத்தைப் பிறர் பிடுங்குவது போன்ற சில அறிகுறிகளை முதல்தர அறிகுறிகள் எனப் பட்டியலிட்டார். ஆக, ஒருவர் நோயின் முடிவைப் பார்த்தார். ஒருவர் மனத்தின் இணக்கத்தைப் பார்த்தார். மற்றொருவர் அறிகுறியின் தன்மையைப் பார்த்தார். இன்றைய அளவுகோல் இம்மூவரிடமிருந்தும் கடன் வாங்கிய கலவை. பின்னால் வரும் பல சிக்கல்களுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

அளவுகோல் ஏன் தேவைப்பட்டது

1960-களின் இறுதியிலும் 1970-களின் தொடக்கத்திலும் அமெரிக்க, பிரித்தானிய மருத்துவர்கள் கூட்டாக ஓர் ஆய்வு செய்தனர். நியூயார்க் மருத்துவமனைகளில் இந்த நோயின் பெயர் லண்டனைவிட மிக அதிகமாகச் சூட்டப்பட்டு வந்தது. ஒரே அளவுகோலை வைத்து இரு ஊர் நோயாளிகளையும் ஆராய்ந்தபோது அந்த வேறுபாட்டின் பெரும்பகுதி மறைந்துவிட்டது. வேறுபாடு பெரும்பாலும் மருத்துவர்களின் பழக்கத்தில்தான் இருந்தது.

1973-இல் டேவிட் ரோசன்ஹன் ‘சயன்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரை இன்னும் பெரிய அதிர்ச்சி தந்தது. நலமாக இருந்த எட்டுப் பேர் குரல் கேட்பதாகச் சொல்லி 12 மருத்துவமனைகளில் சேர்ந்ததாகவும், உள்ளே இயல்பாக நடந்துகொண்டபோதும் நோயாளிகளாகவே கருதப்பட்டதாகவும் அக்கட்டுரை சொன்னது. 2019-இல் சூசன்னா கஹலன் எழுதிய நூல் இந்த ஆய்வின் நேர்மை குறித்தே கடுமையான ஐயங்களை எழுப்பியது. இன்று அதை மேற்கோள் காட்டுவோர் இந்த ஐயத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இந்தச் சூழலில் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1980-இல் தன் கையேட்டின் மூன்றாம் பதிப்பை வெளியிட்டது. இத்தனை அறிகுறிகள், இத்தனை காலம் என்று எண்ணிப் பார்க்கும் முறை அதில் நிலைபெற்றது. 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி, பொய்யான உறுதி நம்பிக்கை, புலன்மயக்கம், குலைந்த பேச்சு, குலைந்த அல்லது உறைந்த நடத்தை, உணர்ச்சியும் ஊக்கமும் வற்றுதல் ஆகிய ஐந்தில் இரண்டாவது ஒரு மாத அளவுக்கு இருக்க வேண்டும். அவற்றில் ஒன்று முதல் மூன்றுக்குள் அடங்க வேண்டும். வேலை, உறவு, தன் பராமரிப்பு ஆகியவற்றில் சரிவு தெரிய வேண்டும். தொந்தரவின் மொத்தக் காலம் ஆறு மாதம் நீடிக்க வேண்டும். உலக நலவாழ்வு அமைப்பின் பன்னாட்டு நோய் வகைப்பாடு ஒரு மாதத்தையே போதுமான காலமாகக் கொள்கிறது. அதன் 11-ஆம் பதிப்பு 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது.

நம்பகமும் ஏற்புடைமையும்

ஆசிரியர் பயிற்சியில் தேர்வு மதிப்பீடு பற்றிப் படித்தவர்களுக்கு நம்பகம், ஏற்புடைமை என்ற இரு சொற்களும் பழக்கமானவை. விடைக்குறிப்பு தெளிவாக இருந்தால் நாகர்கோவிலில் திருத்துபவரும் மார்த்தாண்டத்தில் திருத்துபவரும் ஒரே விடைத்தாளுக்கு ஏறத்தாழ ஒரே மதிப்பெண் போடுவார்கள். அது நம்பகம். அந்தக் கேள்வித்தாள் மாணவனின் உண்மையான அறிவை அளந்ததா என்பது வேறு கேள்வி. அது ஏற்புடைமை. மனப்பாடத்தை மட்டும் சோதிக்கும் தாளை எத்தனை பேர் ஒரே மாதிரி திருத்தினாலும் அது அறிவை அளந்ததாக ஆகாது.

1980-க்குப் பிந்தைய அளவுகோல்கள் மருத்துவர்களுக்குக் கொடுத்தது ஒரு விடைக்குறிப்பு. அதனால் நம்பகம் உயர்ந்தது உண்மை. ஆனாலும் முழுமை அடையவில்லை. ஐந்தாம் பதிப்புக்கான களச் சோதனையில், இரு மருத்துவர்கள் தனித்தனியே பார்த்து இந்த நோயின் பெயரில் உடன்பட்ட அளவு, காப்பா என்னும் அளவையில் 0.46. தற்செயலான உடன்பாடு என்றால் 0, முழு உடன்பாடு என்றால் 1.

ஏற்புடைமையில் நிலைமை இன்னும் பலவீனம். ஐந்து அறிகுறிகளில் இரண்டு போதும் என்றால், ஒரே பெயர் பெற்ற இருவருக்குள் பொதுவான அறிகுறி ஒன்றுகூட இல்லாமல் இருக்க முடியும். ஒருவர் குரல் கேட்டு, தன்னை யாரோ பின்தொடர்வதாக நம்புவார். இன்னொருவர் கோர்வையின்றிப் பேசி, உணர்ச்சியற்று ஒதுங்கி இருப்பார். இருவருக்கும் ஒரே பெயர். மரபணு ஆய்வுகளும் தெளிவான எல்லையைக் காட்டவில்லை. 2014-இல் 108, 2022-இல் 287 என மரபணுத் தொகுதியில் இந்த நோயோடு தொடர்புடைய இடங்கள் கண்டறியப்பட்டன. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. அவற்றில் பல இருதுருவ நோயோடும் பகிரப்படுகின்றன. கிரேப்பலின் போட்ட கோடு மரபணுவில் அவ்வளவு தெளிவாக இல்லை.

உள்வகைகளின் மறைவு

நம் கல்லூரிப் பாடநூல்களிலும் வினா விடைத் தொகுப்புகளிலும் ‘மனச்சிதைவின் வகைகள்’ என்றொரு கேள்வி இன்றும் இருக்கிறது. சந்தேக வகை, குலைவு வகை, உறைநிலை வகை, வேறுபடுத்த இயலா வகை, எச்ச வகை என்று எழுதினால் முழு மதிப்பெண். ஆனால் 2013-இல் அமெரிக்கக் கையேடும், பின்னர் பன்னாட்டு வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பும் இந்த உள்வகைகளைக் கைவிட்டுவிட்டன. காரணம் எளிது. ஒரே ஆள் இந்த ஆண்டு ஒரு வகையிலும் அடுத்த சில ஆண்டுகளில் வேறு வகையிலும் விழுந்தார். எந்த மாத்திரை கேட்கும், நோய் எப்படிப் போகும் என்பதைச் சொல்லவும் அந்த வகைகள் உதவவில்லை.

புதிய பன்னாட்டு வகைப்பாடு வேறு வழியை எடுத்தது. முதல் முறையா, பலமுறை வந்ததா, இடைவிடாமல் தொடர்வதா என்று முதலில் குறிக்கச் சொல்கிறது. பிறகு மிகை அறிகுறிகள், குறை அறிகுறிகள், மனச்சோர்வு, கிளர்ச்சி, உடலியக்கம், அறிவாற்றல் ஆகிய ஆறு கூறுகளிலும் கடுமை எவ்வளவு என்று மதிப்பிடச் சொல்கிறது. இது முன்னேற்றமே. ‘சந்தேக வகை’ என்ற முத்திரையைவிட, ‘குரல்கள் குறைந்துவிட்டன, ஆனால் கவனமும் நினைவும் இன்னும் தடுமாறுகின்றன’ என்ற குறிப்பு நோயாளிக்கும் வீட்டாருக்கும் பயன் தரும். ஆனால் இந்தக் குறிப்பை எழுத நேரம் வேண்டும். கூட்டம் நிறைந்த புறநோயாளர் பிரிவில் ஆறு கூறுகளை நிதானமாக மதிப்பிடும் வசதி எத்தனை மருத்துவர்களுக்கு இருக்கிறது என்பது நியாயமான கேள்வி.

காலக்கெடுவும் இந்திய அனுபவமும்

வகைப்பாட்டின் மீது இந்தியா வைத்த வலுவான விமர்சனம் காலத்தைப் பற்றியது. திடீரென்று கடுமையாகத் தொடங்கி, சில வாரங்களில் முழுமையாகத் தெளிந்து, பலருக்குத் திரும்ப வராமலே போகும் மனநோய் நம் நாட்டில் மிகுதி. மேலை நாட்டுப் பிரிவினையில் இதற்கு இடம் இல்லை. என். என். விக் போன்ற இந்திய உளமருத்துவ அறிஞர்கள் இதை உலக அரங்கில் வலியுறுத்தினர். உலக நலவாழ்வு அமைப்பின் பத்து நாட்டு ஆய்வுத் தரவுகளை மறுபடி ஆராய்ந்தபோது, இத்தகைய விரைவில் தெளியும் மனநோய் வளரும் நாடுகளில் ஏறத்தாழ பத்து மடங்கு அதிகம் என்று தெரிந்தது. பன்னாட்டு வகைப்பாட்டின் 10-ஆம் பதிப்பில் இதற்குத் தனிப் பிரிவு கிடைத்தது. இதை ஒரு வெற்றியாகவே கொள்ளலாம்.

கிரேப்பலின் சொன்ன ‘தேய்வே முடிவு’ என்பதையும் தமிழ்நாட்டு ஆய்வு ஒன்று நேராகச் சோதித்தது. சென்னையில் 1981-இல் தொடங்கிய நெடுங்கால ஆய்வு, முதன்முறை நோயுற்ற 90 பேரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தது. பத்தாண்டு முடிவில் 76 பேரைத் தொடர முடிந்தது. அவர்களில் பெரும்பாலோர் அறிகுறிகள் தணிந்த நிலையில் இருந்தனர். இந்த ஆய்வோடு இணைத்துப் பேசப்படுபவர் ஆர். தாரா. அவர் பணியாற்றிய ஸ்கார்ஃப் என்னும் மனச்சிதைவு ஆய்வு அறக்கட்டளையை 1984-இல் நிறுவியவர் டாக்டர் எம். சாரதா மேனன். ஒரு பெயர் சூட்டப்பட்ட உடனேயே ‘இனி அவ்வளவுதான்’ என்று முடிவு கட்டும் வீட்டாருக்கு இந்த ஆய்வு நம் ஊரிலேயே கிடைத்த பதில்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். சென்னை நகர்ப்புறச் சமூகம் ஒன்றில் நடந்து 1998-இல் வெளியான ஆய்வின்படி, இந்த நோய் இருந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் சிகிச்சையே பெறாமல் இருந்தனர். அவசரமாகப் பெயர் சூட்டுவது ஓர் ஆபத்து. யாருமே பார்க்காமல் விட்டுவிடுவது அதைவிடப் பெரிய ஆபத்து. கிடைக்கும் மருந்துகள் பெரும்பாலும் எல்லாத் தீவிர மனநோய்க்கும் பொதுவானவை என்பதால், சிகிச்சையைத் தொடங்க ஆறு மாதம் காத்திருக்க வேண்டியதில்லை. பெயருக்குக் காத்திருக்கலாம், மருந்துக்குக் காத்திருக்கக் கூடாது.

குரலும் நம்பிக்கையும்

கருங்கல் சுற்றுவட்டாரத்தில் இசக்கியம்மன் கோயில் கொடையில் ஒருவர் சாமியாடி அருள்வாக்குச் சொல்வதும், ஜெபக் கூட்டத்தில் ஒருவர் ஆண்டவரின் குரலைக் கேட்டேன் என்று சாட்சி சொல்வதும் வழக்கம். இவர்களை யாரும் நோயாளி என்பதில்லை, சொல்லவும் கூடாது. ஒரு சமூகம் பொதுவாக ஏற்றுக்கொண்ட நம்பிக்கை நோய் அறிகுறி ஆகாது என்று கையேடுகளும் சொல்கின்றன. கொடை முடிந்ததும் சாமியாடியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறார். குரல் கேட்டவர் தூக்கத்தையும் வேலையையும் இழந்து, வீட்டாரையே எதிரியாக நினைக்கத் தொடங்கினால்தான் அது வேறு கதை. வேறுபாடு குரலில் மட்டும் இல்லை, வாழ்க்கையில் நேரும் சரிவில் இருக்கிறது.

நோயாளிகள் கேட்கும் குரலும் ஊருக்கு ஊர் வேறுபடுகிறது. மானிடவியலாளர் தான்யா லூர்மன் சென்னை, கானா நாட்டின் அக்ரா, அமெரிக்காவின் சான் மேட்டியோ ஆகிய மூன்று இடங்களிலும் தலா 20 நோயாளிகளிடம் பேசினார். அமெரிக்கர்களுக்குக் குரல்கள் பெரும்பாலும் வன்முறையாகவும் அந்நியமாகவும் இருந்தன. சென்னையில் பலருக்கு அவை உறவினரின் குரல்கள். குளி, சாப்பிடு, வேலையைப் பார் என்று பெரியவர்கள் அதட்டுவது போன்றவை. எல்லாக் குரலையும் ‘புலன்மயக்கம்’ என்ற ஒரே கட்டத்தில் குறியிடும் அளவுகோலுக்கு இந்த வேறுபாடு தெரிவதில்லை. நோயாளியோடு பேச்சைத் தொடங்க உதவும் தகவலே அதில் நழுவிப்போகிறது.

இன்னொரு முனையில், எல்லாவற்றையும் பேய்க்கோளாறு என்று சொல்லிச் சங்கிலியில் கட்டியதன் விலையையும் நாம் கண்டிருக்கிறோம். 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது, கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்பிக்க வழியின்றி மாண்டனர். ஆனால் வழிபாட்டுத் தலம் எல்லாம் ஏர்வாடி அல்ல. தமிழ்நாட்டின் முத்துசாமி கோயில் ஒன்றில் தங்கிய 31 பேரை ஆராய்ந்து 2002-இல் வெளியான கட்டுரை, சராசரியாக ஆறு வாரத்தில் அவர்களின் அறிகுறி மதிப்பெண் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்ததைப் பதிவு செய்தது. அங்கே ஆதரவான இடமும் உடன் தங்கிய வீட்டாரும் எளிய வேலைகளும் இருந்தன.

சட்டத்துக்குள் நுழைந்த பெயர்

மருத்துவர்களே திருத்திக்கொண்டிருக்கும் ஒரு பெயர் சட்டப் புத்தகத்தில் ஏறினால் என்ன ஆகும்? 1955-ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டத்தில் 1976-இல் செய்த திருத்தம், மணமுறிவுக்கான காரணங்களில் ஒன்றான மனக்கோளாறை விளக்கும்போது ஸ்கிசோஃப்ரினியாவைப் பெயர் சொல்லிச் சேர்த்தது. கிறித்தவர்களுக்கான மணமுறிவுச் சட்டம் நோயின் பெயரைச் சொல்லாமல், இரண்டு ஆண்டு தொடர்ந்து தீராத சித்தப் பிரமை என்ற நிபந்தனையை வைக்கிறது.

உச்ச நீதிமன்றம் இந்தப் பெயரின் அதிகாரத்தைக் கட்டுப்படுத்தியது. 1988-இல் ராம் நாராயண் குப்தா வழக்கில், நோயின் பெயர் மட்டும் போதாது, சேர்ந்து வாழ்வதை எதிர்பார்க்க முடியாத அளவுக்கு அதன் கடுமை இருப்பதை நிரூபிக்க வேண்டும் என்றது. 2013-இல் கொல்லம் சந்திரசேகர் வழக்கிலும் கணவரின் மணமுறிவுக் கோரிக்கை ஏற்கப்படவில்லை. அந்த மனைவி மேற்படிப்பு முடித்து அரசு மருத்துவராகப் பணியாற்றி வந்ததை நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. பட்டியலிட்ட ஓர் அளவுகோலைவிட, ‘இவர் எப்படி வாழ்கிறார்’ என்ற கேள்வி நீதிபதிகளுக்கு நேராக வழிகாட்டியது.

ஆனால் எல்லாரும் நீதிமன்றம் போவதில்லை. மணமுறிவு ஆணை எதுவும் இல்லாமலே தாய் வீட்டில் கொண்டுவந்து விடப்பட்டு, வாழ்வுப்படியும் கிடைக்காமல் வாழும் பெண்களைப் பற்றி ஸ்கார்ஃப் நிறுவனத்தார் எழுதியிருக்கிறார்கள். ஆணுக்கு அதே பெயர் சூட்டப்பட்டால் மனைவி உடனிருந்து பார்த்துக்கொள்வதையும் நம் ஊர்களில் காண்கிறோம். பெயர் ஒன்றுதான், ஆனால் அது எல்லார் தலையிலும் ஒரே எடையோடு விழுவதில்லை.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இங்கே கவனிக்கத் தக்கது. மனநோயை ஏற்றுக்கொள்ளப்பட்ட மருத்துவத் தரங்களின்படியே தீர்மானிக்க வேண்டும், ஊரின் ஒழுக்க, சமய நெறிகளோடு ஒத்துப்போகவில்லை என்பதற்காக ஒருவரை நோயாளி ஆக்கக் கூடாது, முன்பு சிகிச்சை பெற்றது மட்டுமே இன்றைய முடிவுக்குக் காரணமாகாது, நீதிமன்றம் அறிவிக்காதவரை நோயாளி என்பவர் சித்தசுவாதீனம் இல்லாதவர் ஆகமாட்டார் என்று அதன் 3-ஆம் பிரிவு கூறுகிறது. மாற்றுத்திறன் சான்றிதழுக்கு நம் நாட்டில் பயன்படும் ‘ஐடியாஸ்’ அளவையும் இதே நோக்கில்தான் அமைந்திருக்கிறது. தன்னைப் பராமரித்தல், பிறரோடு பழகுதல், பேச்சும் புரிதலும், வேலை ஆகிய நான்கையும் நோயின் காலத்தையும் அது கணக்கில் எடுக்கிறது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் இருந்தால் சலுகைகளுக்குத் தகுதி.

தமிழ்ப் பெயரும் மாற்றப்பட வேண்டுமா

ஜப்பானில் இந்த நோயின் பழைய பெயர் ‘மனம் பிளந்த நோய்’ என்று பொருள்படும். நோயாளிகளின் குடும்பத்தார் கேட்டதன் பேரில் 2002-இல் ‘ஒருங்கிணைவுக் கோளாறு’ என்னும் பொருளுள்ள பெயருக்கு மாறினார்கள். நோயின் பெயரை நோயாளியிடமே சொல்லும் வழக்கம் மூன்றே ஆண்டில் சுமார் 37 விழுக்காட்டிலிருந்து 70 விழுக்காடானது. அந்த மருத்துவர்களின் வாயைக் கட்டிப் போட்டிருந்ததில் பழைய பெயருக்கும் பங்கு இருந்தது.

தமிழில் ‘சிதைவு’ என்பது இடிந்த கட்டடத்துக்கும் அழுகிய உடலுக்கும் சொல்லும் சொல். மீண்டு வர முடியாது என்ற தீர்ப்பு அந்தச் சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. சென்னை ஆய்வு சொன்னதற்கு இது நேர்மாறு. கலைக்களஞ்சியக் கட்டுரை எழுதுவோர் தாமாக ஒரு சொல்லை உருவாக்கிவிட முடியாது என்பதால் இக்கட்டுரை பழகிய பெயரையே பயன்படுத்துகிறது. ஆனால் மருத்துவர்களும் தமிழறிஞர்களும் நோயாளிகளின் குடும்பத்தாரும் ஒன்றாக உட்கார்ந்து பேச வேண்டிய பொருள் இது.

மதிப்பீடு

இன்றைய அளவுகோல் தற்காலிக ஒப்பந்தம். அது இல்லாத காலத்தில் ஊருக்கு ஒரு நோயறிதல் இருந்தது, ஆகவே அதைத் தூக்கி எறிவதில் பொருள் இல்லை. இயற்கையில் அப்படியே கிடக்கும் உண்மை என்று நம்புவதும் தவறு. அதன் தகுதியை அளக்க, அந்தப் பெயர் நோயாளிக்கு மருந்தையும் சான்றிதழையும் துணையையும் பெற்றுத் தந்ததா, அல்லது வேலையையும் கல்யாணத்தையும் பறித்ததா என்று பார்ப்பதே சரியான வழி.

வீட்டில் ஒருவருக்கு இந்தப் பெயர் சொல்லப்பட்டால் மருத்துவரிடம் சிலவற்றைக் கேட்பது வீட்டாரின் உரிமை. எந்த அறிகுறிகளை வைத்து இந்த முடிவு? எவ்வளவு காலமாக அவை இருக்கின்றன என்று குறித்துக்கொண்டீர்களா? தைராய்டு, வலிப்பு, போதைப்பொருள், மூளை அழற்சி போன்ற வேறு காரணங்கள் விலக்கப்பட்டனவா? இந்த முடிவை எப்போது மறுபடி பார்ப்பீர்கள்? மூளை அழற்சி பற்றிய கேள்வி வெறும் சம்பிரதாயம் அல்ல. மனநோய் போலவே தொடங்கும் ஒருவகைத் தன்னெதிர்ப்பு மூளை அழற்சி 2007-இல்தான் தெளிவாக விவரிக்கப்பட்டது. அதற்குச் சிகிச்சையே வேறு.

வகைப்பாட்டின் மீதான இந்த விமர்சனங்கள் எதுவும் மாத்திரையை நிறுத்துவதற்கான காரணம் ஆகா. பெயரில் ஐயம் இருக்கலாம், ஆனால் அந்த ஆள் படும் துன்பத்தில் ஐயம் இல்லை. மருந்தை மாற்றுவதும் குறைப்பதும் மருத்துவரோடு பேசியே செய்ய வேண்டியவை.